மஞ்சள் லாட்டும் சப்மிட் பொத்தானும்

ஈரோட்டுச் சந்தையில் மஞ்சள் மூட்டை வந்து இறங்கியதும் முதல் வேலை, அதற்கு ஒரு லாட் எண் போடுவது. யாருடைய சரக்கு, விரலியா கிழங்கா, எத்தனை மூட்டை என்பதெல்லாம் பதிவாகும். வியாபாரிகள் மாதிரியைக் கையில் எடுத்து ஒடித்துப் பார்த்துவிட்டு, லாட் எண்ணுக்கு நேரே விலையைக் குறிப்பார்கள். அதிக விலை குறித்தவருக்குச் சரக்கு. ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் சீட்டில் எழுதி நடந்துவந்த இந்த மறைமுக ஏலம் இப்போது கணினிக்கும் வந்துவிட்டது. 2016 ஏப்ரல் 14 அன்று 8 மாநிலங்களின் 21 சந்தைகளோடு தொடங்கிய இ-நாம் என்ற தேசிய வேளாண் மின்னணுச் சந்தையில் பிற்பாடு தமிழ்நாட்டு விற்பனைக்கூடங்களும் சேர்ந்தன. வரத்தைப் பதிவு செய்வது, தரம் குறிப்பது, விலை கோருவது, எடை போடுவது, பணம் செலுத்துவது என்று அங்கே ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பதிவு உண்டு. ஒவ்வொரு பதிவும் திரையில் ஒரு படிவம்.

படிவத்தை நிரப்பி சப்மிட் பொத்தானை அழுத்துகிறோம். கண் இமைப்பதற்குள் லாட் எண் திரும்பி வருகிறது. நடுவில் எங்கோ ஒரு சர்வரில், ஆயிரக்கணக்கான நிரல் துண்டுகளுக்கு நடுவே, 'புதிய லாட்டைச் சேர்' என்ற ஒரே ஒரு துண்டு தேடிப் பிடிக்கப்பட்டு ஓடியிருக்கிறது. அந்தத் துண்டுக்கு ஆக்‌ஷன் என்று பெயர். ஒரே பொருள் தொடர்பான ஆக்‌ஷன்களை ஒன்றாகக் கட்டி வைத்திருப்பது கண்ட்ரோலர். லாரவெல், ஜாங்கோ, ஸ்பிரிங், ரூபி ஆன் ரெயில்ஸ், ஏஎஸ்பி டாட் நெட் என எந்த ஃபிரேம்வொர்க்கை எடுத்தாலும், படிவத்தையும் ஆக்‌ஷனையும் இணைத்து வைப்பதுதான் அதன் தலையாய வேலை.

ஈரோடு, பெருந்துறை, கோபி வட்டாரக் கல்லூரிகளில் கணினி படிக்கும் பிள்ளைகள் பலர் இந்த ஃபிரேம்வொர்க்குகளில் ஏதோ ஒன்றைக் கற்றுக்கொண்டுதான் வேலைக்குப் போகிறார்கள். முகவரியை ஆக்‌ஷனோடு இணைக்கும் ரூட் எழுது, ஆக்‌ஷன் எழுது, படிவத்தை எழுது, ஓடிவிடும் என்று சொல்லித்தருகிறோம். ஓடாதபோது எங்கே பார்ப்பது என்று சொல்லித்தருவதில்லை. அவர்கள் கையில் இருக்க வேண்டிய திறவுகோல் ஒரே ஒரு உண்மைதான்: சர்வர் படிவத்தைப் பார்ப்பதே இல்லை. பெட்டிகள், பட்டியல்கள், சிவப்பு நட்சத்திரங்கள், பொத்தான்கள் எல்லாம் பிரவுசரோடு நின்றுவிடுகின்றன. சர்வருக்குப் போய்ச் சேருவது வெறும் எழுத்து வரிசை. கட்டுரையின் மீதிப் பகுதி முழுவதும் இந்த ஒன்றிலிருந்து கிளைப்பதே.

பொத்தானை அழுத்தியதும் எது புறப்படுகிறது?

எடுத்துக்காட்டுக்கு நாமே ஒரு சிறு செயலியைக் கட்டிக்கொள்வோம். மஞ்சள் வரத்தைப் பதிவு செய்யும் படிவம் அதில் இருக்கிறது. ஊர், ரகம், மூட்டை, எடை என்று நான்கு பெட்டிகள். ஒவ்வொரு பெட்டிக்கும் எச்டிஎம்எல்லில் 'நேம்' என்ற ஒரு பண்பு உண்டு. நிரலாளர்கள் அதை வழக்கமாக ஆங்கில எழுத்தில் வைப்பார்கள். தமிழிலும் வைக்கலாம், விதி தடுக்கவில்லை. ஆகவே நாம் தமிழிலேயே வைத்துக்கொள்வோம். பொத்தானை அழுத்தியதும் பிரவுசர் கட்டி அனுப்புவது சாராம்சத்தில் இவ்வளவுதான்:

போஸ்ட் /லாட்
ஊர்=ஈரோடு&ரகம்=விரலி&மூட்டை=12&எடை=7.80

முதல் வரியில் இரண்டு செய்திகள்: என்ன செய்ய வந்திருக்கிறேன் என்று சொல்லும் முறை, எங்கே என்று சொல்லும் முகவரி. இவை படிவத்தின் தொடக்கக் குறியில் எழுதியிருப்பவை. இரண்டாவது வரியில் பெயரும் மதிப்பும் இணை இணையாக. 1995 நவம்பரில் டிம் பெர்னர்ஸ்-லீயும் டான் கானலியும் எழுதி வெளியான எச்டிஎம்எல் 2.0 விவரக்குறிப்பிலேயே இந்த அமைப்பு இடம்பெற்றுவிட்டது. இன்றும் அடிப்படையில் மாறவில்லை. கோப்புகளை அனுப்புவதற்கு மட்டும் அதே ஆண்டு இன்னொரு வடிவம் சேர்ந்தது.

எது போகிறது என்பதைப் போலவே எது போவதில்லை என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். நேம் இல்லாத பெட்டி போகாது. முடக்கி வைத்த பெட்டி போகாது. டிக் செய்யாத செக்பாக்ஸ் 'இல்லை' என்று சொல்லிப் போகாது, அந்தப் பெயரே வரிசையில் இருக்காது. 'மாதிரி எடுக்கப்பட்டது' என்ற பெட்டியில் ஒருவர் டிக்கை எடுத்துவிட்டுச் சேமிக்கிறார். சர்வருக்கு அதைப் பற்றி ஒரு சொல்லும் வராததால் பழைய 'ஆம்' அப்படியே நிற்கிறது. ரெயில்ஸின் படிவ உதவிகள் இதற்காகவே செக்பாக்ஸுக்கு முன்னால் அதே பெயரில் மதிப்பு 0 உள்ள மறைவான பெட்டி ஒன்றை வைக்கின்றன. டிக் இருந்தால் பின்னால் வரும் 1 அதை மேலெழுதிவிடும். டிக் இல்லையென்றால் 0 போய்ச் சேரும்.

தமிழில் தட்டெழுதும்போது இன்னொரு நுட்பம் சேர்கிறது. 'ஈரோடு' நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடு கணக்கில் ஐந்து குறிகள்: ஈ, ர, ஓகாரக் குறி, ட, உகரக் குறி. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 15 பைட். படிவ வடிவத்தில் ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு பதினாறடி இலக்கங்களுமாக எழுதப்படுவதால், கம்பியில் போவது 45 குறிகள். ஃபிரேம்வொர்க் அதை மறுபடி பிரித்து 'ஈரோடு' ஆக்கி ஆக்‌ஷனிடம் கொடுக்கிறது.

இதில் ஒரு சிக்கலும் ஒளிந்திருக்கிறது. ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் வைக்கலாம், ஏகாரக் குறியையும் துணைக்காலையும் அடுத்தடுத்து வைத்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். முதல் வகை ஈரோடு 15 பைட், இரண்டாம் வகை ஈரோடு 18 பைட். கணினிக்கு இவை இரண்டு வெவ்வேறு ஊர்கள். ஊர்ப் பெயரை வைத்துத் தேடினால் ஒரு பகுதி லாட்டுகள் பட்டியலில் வராது. பிரவுசர் இதைச் சரிசெய்து அனுப்புவதில்லை. என்எஃப்சி எனப்படும் யூனிகோடு ஒழுங்குவடிவத்துக்கு எல்லாவற்றையும் மாற்றிய பிறகே சேமிக்க வேண்டும். தமிழுக்குப் படிவம் செய்கிறவர்கள் சர்வரில் எழுத வேண்டிய முதல் வரி இது. பெட்டியின் நீளத்துக்கு வரம்பு வைக்கும்போதும் இதே கவனம் தேவை. எட்டு எழுத்துள்ள 'சுப்பிரமணியம்' கணினிக் கணக்கில் 13 குறி. பத்து போதும் என்று வரம்பு வைத்தால் பெயர் நடுவிலேயே அறுந்துபோகும்.

முகவரியிலிருந்து ஆக்‌ஷனுக்கு

வலையின் தொடக்க நாட்களில் வழி தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. 1993-ல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த என்சிஎஸ்ஏ மையத்தில் சிஜிஐ என்ற ஏற்பாடு உருவானது. படிவத்தின் முகவரி சர்வரில் இருக்கும் ஒரு நிரல் கோப்பையே நேராகக் குறிக்கும். படிவம் வந்தால் அந்தக் கோப்பு புதிதாக ஓடத் தொடங்கும், எழுத்து வரிசையைத் தானே பிரித்துக்கொள்ளும், பதிலை எழுதிவிட்டு நின்றுவிடும். பத்துப் படிவம் என்றால் பத்துக் கோப்பு. உள்நுழைந்தவர் யார் என்ற சோதனை பத்திலும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கும். ஒன்றில் மறந்தால் அதுவே ஓட்டை.

தீர்வு, எல்லாக் கோரிக்கைகளும் ஒரே வாசல் வழியாக வரட்டும், யாருக்கு எது என்று அங்கே பிரிக்கலாம் என்பது. நார்வேக்காரரான டிரிக்வே ரீன்ஸ்காக் 1978-79-ல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் இருந்தபோது, மேசைக் கணினித் திரைகளுக்காக மாடல் (தரவு), வியூ (காட்சி), கண்ட்ரோலர் (உள்ளீட்டைக் கையாளும் பகுதி) என்ற பிரிப்பை வகுத்திருந்தார். இருபது ஆண்டுகள் கழித்து வலை நிரலாளர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். 2000-ல் கிரெய்க் மெக்கிளனகன் தொடங்கிய ஸ்ட்ரட்ஸ், ஜாவா உலகில் இதைப் பரப்பியது. எந்த முகவரிக்கு எந்த ஆக்‌ஷன் என்பதை ஒரு எக்ஸ்எம்எல் கோப்பில் வரி வரியாக எழுதி வைக்க வேண்டும். செயலி வளர வளர அந்தக் கோப்பும் வளரும். 2004-ல் டேவிட் ஹைன்மையர் ஹான்சன் வெளியிட்ட ரூபி ஆன் ரெயில்ஸ் அந்தச் சுமையைக் குறைத்தது. பெயர்களை ஒரு மரபுப்படி வைத்தால் இணைப்பை ஃபிரேம்வொர்க்கே ஊகித்துக்கொள்ளும் என்றது.

இன்று பரவலாக இருக்கும் மரபு 2007 ஜனவரியில் வந்த ரெயில்ஸ் 1.2-இல் வடிவெடுக்கத் தொடங்கியது. நம் மஞ்சள் செயலிக்கு அதன்படி ரூட் பட்டியல் இப்படி அமையும்:

கெட் /லாட் : எல்லா லாட்டுகளின் பட்டியல்
கெட் /லாட்/புதிது : வெற்றுப் படிவம்
போஸ்ட் /லாட் : புதிய லாட்டைச் சேர்ப்பது
கெட் /லாட்/417 : 417-ஆம் லாட்டைக் காட்டுவது
கெட் /லாட்/417/திருத்து : நிரப்பிய படிவம்
பேட்ச் /லாட்/417 : திருத்தத்தைச் சேமிப்பது
டிலீட் /லாட்/417 : நீக்குவது

முகவரி ஒன்றாக இருந்தாலும் முறை வேறானால் ஆக்‌ஷன் வேறு. '/லாட்' என்ற ஒரே முகவரி, கெட் என்றால் பட்டியலைக் காட்டும், போஸ்ட் என்றால் புதிதாகச் சேர்க்கும். ரூட் எழுதி வைத்தும் ஏன் 405 பிழை வருகிறது என்று மாணவர்கள் திகைப்பது இங்கேதான். 404 என்றால் அப்படி ஒரு முகவரியே இல்லை. 405 என்றால் முகவரி இருக்கிறது, இந்த முறைக்கு அங்கே அனுமதி இல்லை. பெரும்பாலும் படிவத்தில் முறையைக் குறிக்க மறந்திருப்பார்கள். குறிக்காவிட்டால் பிரவுசர் கெட் என்றே அனுப்பும்.

பட்டியலின் வரிசையும் முக்கியம். ரெயில்ஸ், லாரவெல், ஜாங்கோ மூன்றும் மேலிருந்து கீழாகப் பார்த்து, முதலில் பொருந்துவதை எடுத்துக்கொள்ளும். '/லாட்/புதிது' என்பதை '/லாட்/எண்' என்பதற்குக் கீழே எழுதினால், 'புதிது' என்ற எண்ணுள்ள லாட்டைத் தேடப் போய்விடும். ஸ்பிரிங்கும் ஏஎஸ்பி டாட் நெட் கோரும் வரிசையைப் பாராமல் மிகத் துல்லியமாகப் பொருந்துவதைத் தேர்ந்தெடுக்கும்.

சர்வருக்கு அனுப்புவதில் எச்டிஎம்எல் படிவத்துக்குத் தெரிந்த முறைகள் கெட், போஸ்ட் இரண்டுதான். பேட்ச், டிலீட் என்று படிவத்தில் எழுதினால் பிரவுசர் அதை ஏற்காமல் கெட் என்றே எடுத்துக்கொள்ளும். ஆகவே ரெயில்ஸும் லாரவெலும் படிவத்தைப் போஸ்டாக அனுப்பி, உண்மையில் வேண்டிய முறையை மறைவான ஒரு பெட்டியில் வைக்கின்றன. ரூட் தேடுவதற்கு முன்பே சர்வர் அந்தப் பெட்டியைப் படித்து முறையை மாற்றிக்கொள்கிறது.

படிப்பதற்குக் கெட், மாற்றுவதற்குப் போஸ்ட் என்ற பிரிவு அலங்காரத்துக்கு வந்ததல்ல. 2005 மே மாதம் கூகுள், வெப் ஆக்சிலரேட்டர் என்ற மென்பொருளை வெளியிட்டது. நீங்கள் அழுத்துவதற்கு முன்பே பக்கத்திலுள்ள இணைப்புகளைத் திறந்து தயாராக வைத்துக்கொள்வது அதன் வேலை. சில செயலிகள் 'நீக்கு' என்பதைச் சாதாரண கெட் இணைப்பாக வைத்திருந்தன. மென்பொருள் அவற்றையும் திறந்தது. பயனர்களின் தகவல்கள் அவர்கள் கை படாமலே அழிந்தன. பாதிக்கப்பட்டவற்றில் ஒன்று, ரெயில்ஸைப் பிறப்பித்த 37சிக்னல்ஸ் நிறுவனத்தின் பேக்பேக். கெட் கோரிக்கையை யாரும், எந்திரமும்கூட, எத்தனை முறையும் அனுப்பலாம் என்று எண்ணித்தான் ஆக்‌ஷனை எழுத வேண்டும்.

பெயர் பொருந்தினால்தான் மதிப்பு சேரும்

ஆக்‌ஷன் கிடைத்துவிட்டது. அடுத்து எழுத்து வரிசையிலுள்ள மதிப்புகள் நிரலின் மாறிகளுக்குள் போய் உட்கார வேண்டும். ஸ்பிரிங்கும் ஏஎஸ்பி டாட் நெட்டும் ஆக்‌ஷனின் அளவுருப் பெயர்களையும் வகுப்பின் பண்புப் பெயர்களையும் ஓடும்போதே படித்து, படிவத்திலிருந்து வந்த பெயர்களோடு ஒப்பிட்டு நிரப்பிவிடும். மாடல் பைண்டிங் என்பது இதுதான். ரெயில்ஸும் லாரவெலும் எல்லா இணைகளையும் ஒரு தொகுப்பாக ஆக்‌ஷனிடம் தந்துவிடும். ஜாங்கோவில் படிவத்துக்கென்றே ஒரு வகுப்பு எழுதி, அது சொன்ன பெயர்களை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

வழி எதுவானாலும் பாலம் பெயர்தான். படிவத்தில் 'மூட்டைகள்' என்றும் நிரலில் 'மூட்டை' என்றும் இருந்தால் மதிப்பு சேராது. பல வேளைகளில் பிழைச் செய்தியும் வராது. ஏஎஸ்பி டாட் நெட் கோரில் முழு எண்ணாக அறிவித்த அளவுருவுக்கு மதிப்பு வராவிட்டால், தனியே கட்டாயம் என்று குறிக்காதவரை, அது சத்தமில்லாமல் 0 ஆகிவிடும். 12 மூட்டை கொண்டுவந்தவரின் கணக்கில் 0 மூட்டை.

வருவது எல்லாமே எழுத்து என்பதையும் மறக்கக் கூடாது. '7.80' எண்ணாக மாற வேண்டும், தேதி தேதியாக மாற வேண்டும். நம் ஊர்ப் பழக்கங்கள் இங்கே நேராக வந்து மோதுகின்றன. ஒருவர் தொகைப் பெட்டியில் நாம் எழுதும் வழக்கப்படி 1,25,000 என்று தட்டுகிறார். பிஎச்பியிலும் ரூபியிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் வழக்கமான எண்மாற்றம் முதல் காற்புள்ளியோடு நின்றுவிடும். ஒன்றேகால் லட்சம் ரூபாய் 1 ரூபாயாகப் பதிவாகும். பைத்தான் அப்படி விழுங்காமல் பிழை என்று சொல்லி நிறுத்தும். நிறுத்துவதே நல்லது. தவறான எண்ணை அமைதியாக ஏற்பதைவிடக் கேள்வி கேட்பது மேல். காற்புள்ளியைத் தெரிந்தே நீக்கி, மீதி முழுக்க இலக்கமா என்று பார்த்து, பிறகு மாற்றுவது இன்னும் மேல்.

தொலைபேசி எண் இதற்கு நேரெதிர். ஈரோட்டின் குறியீடு 0424. அதை எண்ணாக மாற்றினால் முன்னாலுள்ள பூச்சியம் போய் 424 ஆகிவிடும். கூட்டவோ கழிக்கவோ போவதில்லை என்றால் அது எழுத்தாகவே இருக்கட்டும். தேதியில் 05/06 என்பது நமக்கு ஜூன் 5, அமெரிக்க அமைப்பில் மே 6. இந்த முடிவுகள் எதையும் ஃபிரேம்வொர்க் நமக்காகச் சரியாக எடுத்துவிடாது. அது அறிந்தது பொது விதி. சந்தையின் வழக்கத்தை அறிந்தவர் நிரல் எழுதுகிறவர்.

கேட்காததும் வந்து சேரும்

சர்வர் படிவத்தைப் பார்ப்பதில்லை என்பதன் மிக ஆபத்தான விளைவு இது. நான்கு பெட்டி உள்ள படிவம் என்றாலும் ஐந்தாவது ஒரு இணையை யாரும் சேர்த்து அனுப்பலாம். அதற்குப் பெரிய வித்தை தேவையில்லை, பிரவுசரின் டெவலப்பர் கருவிகளே போதும். 'விலை_உறுதி=1' என்று ஒருவர் சேர்த்து அனுப்புகிறார். லாட் வகுப்பிலும் அந்தப் பெயரில் ஒரு பண்பு இருக்கிறது. வந்ததையெல்லாம் நிரப்பும் பைண்டிங் அதையும் நிரப்பிவிடும்.

இந்தப் பாடத்தை உலகம் இரண்டு முறை கற்றது. பிஎச்பியின் பழைய பதிப்புகளில் படிவப் பெட்டிகள் நேரடியாக நிரலின் மாறிகளாகவே மாறும். ரெஜிஸ்டர் குளோபல்ஸ் என்ற அந்த வசதி எழுத எளிது, ஏமாற்றவும் எளிது. 2002-ல் வந்த 4.2 பதிப்பில் அதை இயல்பாக அணைத்து வைத்தார்கள். 2012 மார்ச் 1 அன்று வெளியான 5.4 பதிப்பில் அடியோடு நீக்கினார்கள். அடுத்த மூன்றாம் நாள், மார்ச் 4 அன்று, எகோர் ஹோமகோவ் என்ற ரஷ்ய நிரலாளர், நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் தளத்தில் இதே வகைத் தவறை வெளிப்படையாகக் காட்டினார். கிட்ஹப் ரெயில்ஸில் எழுதப்பட்டது. பொதுச் சாவியைப் பதிவு செய்யும் படிவத்தோடு, வேறொரு பயனரின் அடையாள எண்ணையும் சேர்த்து அனுப்பினார். தளம் அதை ஏற்றுக்கொண்டது. ரெயில்ஸின் சொந்தக் களஞ்சியத்திலேயே எழுதும் உரிமை அவருக்குக் கிடைத்துவிட்டது. எச்சரிக்கையை முன்பே சொல்லிப் பார்த்தும் உரிய கவனம் கிடைக்காததால் செய்து காட்டினார். அடுத்த ஆண்டு வந்த ரெயில்ஸ் 4.0-இல் ஸ்ட்ராங் பாராமீட்டர்ஸ் இயல்பான அங்கமானது. எந்தெந்தப் பெயர்களை ஏற்கலாம் என்று ஆக்‌ஷனில் பெயர் சொல்லி எழுதாதவரை மாடலில் எதுவும் சேராது. லாரவெல் மாடல்களில் இருக்கும் ஃபில்லபிள் பட்டியலும் இதே காவல்தான்.

பட்டியல் மட்டும் போதாது. ஏற்கத்தக்க பெயரில் ஏற்கத்தகாத மதிப்பு வரலாம். திருத்தப் படிவத்தின் முகவரியில் 417 என்பதை 418 என்று மாற்றி அனுப்பினால், அது இவருடைய லாட்தானா என்று ஆக்‌ஷன் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். படிவத்தில் 'கட்டாயம்' என்று குறித்திருப்பதும், எடைப் பெட்டிக்கு உச்சவரம்பு வைத்திருப்பதும் நிரப்புகிறவரின் வசதிக்காக. காவல் சர்வரில்தான் இருக்க முடியும்.

இன்னொரு வகைத் தாக்குதலில் நிரப்பியவருக்கே தெரியாமல் படிவம் போய்விடும். வியாபாரி ஒருவர் ஏலத் தளத்தில் உள்நுழைந்திருக்கிறார். அதே பிரவுசரில் வேறொரு தளத்தைத் திறக்கிறார். அந்தப் பக்கத்தில் ஒளித்து வைத்த படிவம் ஒன்று, ஏலத் தளத்தின் விலை கோரும் முகவரிக்குத் தானே சப்மிட் ஆகிறது. பிரவுசர் வழக்கம்போல் உள்நுழைவுக் குக்கியையும் கூடவே அனுப்பினால், சர்வருக்கு அது வியாபாரி அனுப்பியதாகவே தெரியும். சிஎஸ்ஆர்எஃப் என்று இதைச் சொல்வார்கள். இதைத் தடுக்கவே ஃபிரேம்வொர்க்குகள் ஒவ்வொரு படிவத்திலும் ஊகிக்க முடியாத ஒரு டோக்கனை மறைத்து வைக்கின்றன. வெளித் தளத்தால் அந்த டோக்கனைப் படிக்க முடியாது. லாரவெலில் 419 என்ற பிழையைப் பார்த்ததும் சிலர் டோக்கன் சோதனையையே அணைத்துவிடுகிறார்கள். படிவத்தில் டோக்கன் வைக்க மறந்திருக்கலாம், அல்லது நேரம் கடந்து காலாவதியாகியிருக்கலாம். காரணத்தைத் திருத்துங்கள், காவலை எடுக்காதீர்கள்.

வேலை முடிந்த பிறகு

ஆக்‌ஷன் லாட்டைச் சேர்த்துவிட்டது. உடனே 'பதிவாகிவிட்டது' என்று ஒரு பக்கத்தைத் திருப்பி அனுப்பினால் ஒரு தொல்லை உண்டு. அந்தப் பக்கத்தில் நின்றபடி ஒருவர் ரிஃப்ரெஷ் செய்தால் பிரவுசர் அதே போஸ்டை மறுபடி அனுப்பும். ஒரே சரக்கு இரண்டு லாட் ஆகும். ஆகவே வெற்றி பெற்ற போஸ்டுக்குப் பதிலாக சர்வர் பக்கத்தை அனுப்பாமல், '/லாட்/417-க்குப் போ' என்று வழிகாட்ட வேண்டும். பிரவுசர் அங்கே கெட் மூலம் போகும். அதன் பிறகு எத்தனை முறை ரிஃப்ரெஷ் செய்தாலும் படிப்பது மட்டுமே நடக்கும். இதற்கென்றே எச்டிடிபி 1.1 நெறிமுறையில் 303 என்ற பதில் எண் இருக்கிறது. போஸ்ட், ரீடைரக்ட், கெட் என்று இந்த ஒழுங்கைச் சொல்வார்கள்.

சிக்னல் விட்டு விட்டு வரும் இடத்தில் இதுவும் போதாது. பதில் வருவதற்குள் பொறுமை இழந்து பொத்தானை இரண்டு முறை அழுத்துகிறோம். வெற்றுப் படிவத்தைக் காட்டும்போதே அதில் ஒரு தனி எண்ணை வைத்துவிட்டு, அந்த எண்ணோடு ஏற்கெனவே ஒரு பதிவு வந்துவிட்டதா என்று ஆக்‌ஷன் பார்த்தால் இரட்டைப் பதிவு வராது. தரவுதளத்திலும் அந்த எண் இரண்டு முறை வரக் கூடாது என்று விதி வைத்துவிட வேண்டும். ஒரே கணத்தில் இரண்டு கோரிக்கை வந்தாலும் அப்போது ஒன்றுதான் உள்ளே நுழையும்.

பதிவு தோற்றால் என்ன செய்கிறோம் என்பதில்தான் நிரலாளரின் அக்கறை தெரியும். எட்டுப் பெட்டியை நிரப்பியவர் ஒன்றில் தவறினார் என்பதற்காக மீதி ஏழையும் காலியாக்கி மறுபடி காட்டும் படிவங்கள் இன்னும் இருக்கின்றன. எல்லா ஃபிரேம்வொர்க்கும் பழைய மதிப்புகளோடு படிவத்தைத் திரும்பக் காட்ட வசதி தருகிறது. பிழையை அந்தந்தப் பெட்டிக்கு அருகிலேயே எழுதவும் வசதி தருகிறது. 'செல்லாத உள்ளீடு' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதைவிட, 'எடையைக் குவிண்டாலில் எழுதுங்கள், எடுத்துக்காட்டு 7.80' என்று சொல்வதற்கு ஒரு வரி நிரல் கூடுதலாகும். சரக்கை இறக்கிவிட்டு வரிசையில் நிற்கிறவருக்கு அந்த ஒரு வரி பெரிய உதவி.

தானே பார்த்துத் தெரிந்துகொள்ள

படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி சொல்வேன். பிரவுசரில் எஃப் 12 விசையை அழுத்தி, நெட்வொர்க் என்ற பிரிவைத் திறந்து வைத்துக்கொண்டு, நீங்கள் எழுதிய படிவத்தை சப்மிட் செய்யுங்கள். புறப்பட்ட கோரிக்கையைச் சொடுக்கினால் முறை, முகவரி, பெயரும் மதிப்புமான இணைகள், திரும்பி வந்த பதில் எண் எல்லாம் வரிசையாகத் தெரியும். இன்னொரு சாளரத்தில் ஃபிரேம்வொர்க்கின் ரூட் பட்டியலைக் காட்டும் கட்டளையை ஓட்டுங்கள். ரெயில்ஸிலும் லாரவெலிலும் அது தயாராகவே இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மூன்று கேள்விகள் கேளுங்கள். முறையும் முகவரியும் எந்த ரூட்டில் பொருந்துகின்றன? வந்த பெயர்கள் ஆக்‌ஷன் எதிர்பார்க்கும் பெயர்கள்தானா? வரக் கூடாத எதையாவது ஆக்‌ஷன் ஏற்கிறதா? படிவம் வேலை செய்யவில்லை என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் முதல் இரண்டு கேள்விகளிலேயே விடை கிடைத்துவிடும். மூன்றாவது கேள்வி, வேலை செய்கிற படிவத்தைப் பார்த்தும் கேட்க வேண்டியது.

2019-ல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோட்டு மஞ்சளின் விலை இன்று ஒரு கணினிப் பதிவிலும் நிற்கக்கூடும். பட்டா மாறுதல், உதவித்தொகை, பயிர்க் காப்பீடு என்று நம் மக்களின் வாழ்வில் பலவும் படிவத்தின் வழியாகத்தான் நடக்கின்றன. நிரப்புகிறவர் திரையில் தெரிந்ததை நம்பிப் பொத்தானை அழுத்துகிறார். அவர் எழுதியது அவர் எண்ணிய பொருளிலேயே பதிவாவதற்கும், அவர் எழுதாதது அவர் பெயரில் பதிவாகாமல் இருப்பதற்கும் பொறுப்பு, அந்த ஆக்‌ஷனை எழுதியவருக்கு. ஃபிரேம்வொர்க் பாதி வேலையைச் செய்து கொடுக்கும். மீதிப் பாதிக்கு, கம்பி வழியே வந்தது என்ன என்பதைத் தன் கண்ணால் ஒருமுறை படித்துப் பார்த்த நிரலாளர் வேண்டும்.